ஃபேஸ்லிஃப்ட்: பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்தவள் எழுதுவது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஒரு நடிகையின் முகம் மாறிவிட்டது என்று போன வாரம் இங்கே பெரிய கேலி நடந்தது. கேலி செய்தவர்களில் என் பழைய மாணவர்களும் உண்டு. கோபமில்லை. ஆனால் அந்த அறுவை சிகிச்சை என்னவென்று தெரிந்துதான் சிரிக்கிறார்களா என்று தோன்றியது. 34 வருடம் உயிரியல் நடத்தியவளுக்கு அந்தச் சந்தேகம் வரத்தானே செய்யும்.

என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த தமிழாசிரியை ஒருவர். வயது 62. சென்ற ஆண்டு ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டார். கூட இருந்தவள் நான். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் கேட்காதீர்கள்.

அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். எல்லாவற்றையும் இவர்தான் பார்த்தார். அவர் போய் மூன்று வருடம் கழித்து டீச்சர் மெல்ல எழுந்து வந்தார். காசிக்குப் போனார், வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருக்குறள் வகுப்பு எடுத்தார். ஆனால் எங்கே போனாலும் ஒரே கேள்வி: "ஏன் இப்படி வாட்டமா இருக்கீங்க? உடம்பு சரியில்லையா?"

"கண்ணாடியில பார்த்தா துக்க வீட்டுக்குக் கிளம்புறவ மாதிரி இருக்கேன் டீச்சர். உள்ளுக்குள்ள நான் அப்படி இல்ல" என்றார் ஒருநாள். தாடையோரம் தொங்கிய சதையும் வாயோரம் விழுந்த கோடுகளும் அவர் முகத்தை எப்போதும் அழப்போகிற முகமாகக் காட்டின. அவர் கேட்டது இளமையை அல்ல. அந்தக் கேள்வி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் விளம்பரம் பார்த்து ஒரு இடத்துக்குப் போனோம். மருத்துவர் வரவே இல்லை. ஆலோசகர் என்ற பெண் ஒருவர், மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் நூல் போட்டு இழுத்துவிடலாம், இந்த வாரமே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். புடவைக்கு ஆடித் தள்ளுபடி சரி. முகத்துக்குத் தள்ளுபடி என்றதும் இருவரும் எழுந்துவிட்டோம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். முடித்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்காகச் செய்துக்கிறீங்கம்மா?" டீச்சர் பதில் சொல்லும்வரை பேனாவைத் தொடவில்லை. அதன்பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடுகிற மாத்திரைகள், பழைய தழும்புகள் தடித்து வளர்ந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டீச்சர் மூட்டுவலிக்கு எடுத்த மாத்திரையையும் மீன் எண்ணெய் மாத்திரையையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார். இரண்டும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. அதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். புகைபிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கிய தோலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் தோல் அழுகும் ஆபத்து உண்டு.

இனி கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதாகும்போது தோல் மட்டும் தளர்வதில்லை. உள்ளே இருக்கும் கொழுப்பு கீழே இறங்குகிறது, சில இடங்களில் வற்றுகிறது. எலும்பும் தேய்கிறது. 1901 வாக்கில் பெர்லினில் ஹோலண்டர் என்ற மருத்துவர் செய்ததுபோன்ற ஆரம்பகாலச் சிகிச்சைகளில் தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைத்தார்கள். தலையணைக்குள் பஞ்சு கீழே இறங்கிவிட்டது, நாம் உறையை மட்டும் இழுத்துக் கட்டினால் எத்தனை நாள் நிற்கும்? 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பேர், தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் முகத்தசைகளோடு இணைந்து ஓடும் ஒரு படலத்தை விவரித்து எழுதினார்கள். அதன் சுருக்கப் பெயர் ஸ்மாஸ். இன்று பெரும்பாலும் அந்தப் படலத்தைத்தான் தூக்கி இறுக்குகிறார்கள். தோலை அதன்மேல் இழுக்காமல் படியவைத்து, மிஞ்சியதை மட்டும் எடுக்கிறார்கள். காற்றில் இழுபட்ட மாதிரி முகம் தெரிந்தால், பெரும்பாலும் பாரம் முழுவதையும் தோலின்மேல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தப் படலத்துக்கு அடியில்தான் ஏழாவது கபால நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. கண்ணை மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அதன் வேலை. வகுப்பில் 12 ஜோடி கபால நரம்புகளை ஒப்பிக்கச் சொல்லும்போது ஒருநாளும் எனக்குப் பயம் வந்ததில்லை. அன்று மருத்துவர் டீச்சர் கன்னத்தில் விரலால் கோடு போட்டு, "இந்த வழியில நரம்பு போகுது" என்றபோது வயிற்றைப் பிசைந்தது. தற்காலிகப் பலவீனம் சிலருக்கு வரலாம், பெரும்பாலும் சரியாகிவிடும், நிரந்தரமாக நிற்பது அரிது, ஆனால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். அப்படிச் சொன்னதால்தான் அவரை நம்பினோம்.

வெட்டு எங்கே? நெற்றிப்பொட்டு முடிக்குள் தொடங்கி, காதின் முன்பக்கம் இறங்கி, காது மடலைச் சுற்றி, பின்பக்கமாக முடிக்குள் போய் முடிகிறது. கழுத்துக்காகத் தாடைக்கு அடியில் இன்னொரு சின்ன வெட்டு. இந்த அறுவையால் தாடையும் கழுத்தும் நன்றாகத் திருந்தும். கண் இமைத் தொங்கல், நெற்றிச் சுருக்கம், உதட்டைச் சுற்றிய மெல்லிய கோடுகள், மங்கு இவையெல்லாம் இதில் போகாது. இது தெரியாமல் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முழு மயக்கம் கொடுத்து நான்கு மணி நேரம் ஆனது. தலையைச் சுற்றிக் கட்டு, இருபக்கமும் ரத்தம் வடியச் சின்னக் குழாய். "வலிக்குதா?" என்றேன். "இறுக்கமா இருக்கு" என்றார்.

அன்று இரவு பத்து மணிக்கு மேல், இடது பக்கம் மட்டும் வலி தாங்கவில்லை என்று என் கையைப் பிடித்தார். கட்டுக்கு மேலே கன்னம் புடைத்து இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வீங்குவது இயல்பு, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உடனே கூப்பிடுங்கள் என்று கொடுத்த தாளில் போட்டிருந்தது. செவிலியர் பார்த்ததும் ஓடினார். அரை மணி நேரத்தில் மருத்துவர் வந்துவிட்டார். மறுபடி அறுவை அரங்கம். தோலுக்கடியில் தேங்கிய ரத்தத்தை எடுத்து, கசிந்த குழாயை அடைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் மகனிடம் என்ன சொல்வேன் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் எதுக்கும்மா இந்த வயசுல?" என்று கேட்ட பிள்ளை அவன்.

இந்த ரத்தக் கட்டுதான் ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கல். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ரத்த அழுத்தம் ஏறினால் ஆபத்து கூடும். ஆண்களுக்கு இன்னும் அதிகம். உடனே எடுத்துவிட்டால் பயமில்லை, தாமதித்தால் மேல்தோல் செத்துப்போகும். ஆகவே எங்கே செய்துகொண்டாலும், இரவில் செவிலியர் இருப்பாரா, கூப்பிட்டால் மருத்துவர் வருவாரா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு வீடு. குழாயை இரண்டாம் நாள் எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீக்கம் உச்சம். ஊதா நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, கழுத்துக்கு இறங்கியது. தையல்களை ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பிரித்தார்கள். மூன்று தலையணை வைத்து மல்லாந்து தூக்கம். இட்லி, ரசம் சாதம். தலைவழியாகப் போடும் உடை கூடாது, முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி மட்டும். குனிந்து கோலம் போடக்கூடாது. கனம் தூக்குவது ஆறு வாரத்துக்கு இல்லை. தலைச்சாயமும் தோடும் மருத்துவர் சொன்ன பிறகுதான். வெயில் பட்டால் நம் மாநிறத் தோலில் தழும்பு கறுத்துவிடும் என்பதால் குடையில்லாமல் வாசல் தாண்டவில்லை.

இரண்டாவது வாரம் டீச்சர் அழுதார். "இருந்த முகத்தையும் கெடுத்துக்கிட்டேனே" என்று கண்ணாடியைத் திருப்பி வைத்தார். இந்த மனச்சோர்வு பலருக்கும் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அறிவுரை சொல்ல அல்ல, ரசம் வைத்துக் கொடுக்க.

மூன்றாம் வாரம் கோயிலுக்குப் போனார். முழு முகமும் இயல்பாகப் பல மாதம் ஆயிற்று. காது மடலில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது. தோடு போடும்போது தொடுவது தெரியவில்லை என்கிறார். செலவு லட்சக் கணக்கில். அழகு சார்ந்த சிகிச்சைக்குப் பொதுவாகக் காப்பீடு தராது. பலன் ஏழு முதல் பத்து வருடம் நிற்கலாம் என்றார்கள். அதற்குள் வயது தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

முகம் எப்படி இருக்கிறது என்கிறீர்களா? நாற்பது வயதுக்காரி போல இல்லை. 62 வயதுக்காரி நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல இருக்கிறது. "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். "ஆமாம்" என்றாராம்.

நான் செய்துகொள்வேனா? மாட்டேன். என் தாடையில் என் அம்மா இருக்கிறாள், அவள் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது என் முகம். டீச்சர் முகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, பல்செட் மாட்டிக்கொண்டு, "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்கும் நமக்கு யாருக்குமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். கணவரைப் பிடித்துவைக்க, மருமகளிடம் பேர் வாங்க, அடுத்த மாதக் கல்யாணத்தில் ஜொலிக்க என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். தனக்காக என்றால், தள்ளுபடி பேசாத, ஆபத்தை மறைக்காத மருத்துவரைத் தேடிக் கொடுங்கள். முதல் இரவு கூட இருங்கள்.

இந்தப் பக்கத்தில் மருத்துவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். கேலி செய்த என் மாணவச் செல்வங்களும் எழுதலாம், இம்முறை படித்துவிட்டு.