யாருக்கு இந்தத் தொட்டி?

குளியல் தொட்டி வாங்கிய கதையை எழுதப்போகிறோம் என்றதும் நண்பர் ஒருவர் நகைத்தார். "எழுதுவதற்கு நாட்டிலே வேறு பொருளா இல்லை?" என்றார். உண்டு, ஏராளமாக உண்டு. ஆனால், ஊரைத் திருத்த மேடை ஏறுகிற நாம், நம் வீட்டின் மூலையிலே, தாழிட்ட சிற்றறைக்குள்ளே, யார் எப்படிக் குளிக்கிறார்கள் என்று ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நாம் எண்ணியதில்லை. அன்னையார் வழுக்கி விழுந்த பிறகுதான் எண்ணினோம். அந்த வெட்கத்தோடுதான் இதனை எழுதுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை. சென்னையில், முதல் மாடியில் நம் வீடு. அன்னையாருக்கு வயது 74. குளியலறைத் தரையிலே முகம் தெரியும் அளவுக்கு மெருகேறிய ஓடுகள். பத்தாண்டுகளுக்கு முன், வருகிற விருந்தினர் மெச்சவேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துப் பதித்தவை. சோப்பு நீர் பட்டது, கால் நழுவியது, மணிக்கட்டு முறிந்தது. "வேளை சரியில்லை" என்றார் பக்கத்து வீட்டார். சரியில்லாதது வேளையா? தரையல்லவா! கட்டுப்போட்ட மருத்துவர் இரண்டு சொன்னார்: குளியலறையைச் சீர்செய்யுங்கள், வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் அமர்ந்திருந்தால் முழங்கால் வலிக்கு இதமாக இருக்கும். அன்றிரவே முடிவு செய்தோம். அறையை இடித்துக் கட்டுவது. அதிலே ஒரு தொட்டி வைப்பது.

செய்தி பரவிற்று. சின்னம்மா வந்தார். "அக்காவுக்கு இந்த வயதிலே தொட்டிக் குளியலா? அத்தான் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அறுத்தவளுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று நாலுபேர் கேட்கமாட்டார்களா?" என்றார். நாம் சீறியெழ வாய் திறக்குமுன், அன்னையாரே முந்திக்கொண்டார். "அவள் சொல்வது சரிதானப்பா. எனக்கு எதற்கு? ஒரு வாளித் தண்ணீர் போதும்."

போதும்! அந்தச் சொல் நம்மை உறங்கவிடவில்லை. யார் கற்றுக்கொடுத்த சொல் அது? திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலே, கிணற்றடியில், கீற்றுத் தட்டி மறைவிலே, கோழி கூவுமுன் குளித்து முடிக்கவேண்டும் என்று பழக்கப்பட்டவர் அவர். ஆடவர்கள் பட்டப்பகலில் ஆற்றிலே பாய்ந்து, நீந்தி, பாட்டுப் பாடிக் குளிப்பார்கள். பெண்களோ ஈரப்புடவையோடு, எவன் வருவானோ என்ற அச்சத்தோடு, அவசர அவசரமாக நாலு சொம்பு. மணமான பின்பு விறகடுப்பிலே அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சுவது அவர் வேலை. மாமனாருக்கு, கணவனுக்கு, பிள்ளைகளுக்கு என்று வரிசையாக மொண்டு ஊற்றிவிட்டு, கடைசியில் அண்டாவின் அடியில் எஞ்சிய ஆறிய நீர் அவருக்கு. அரை நூற்றாண்டு வெந்நீர் காய்ச்சிய கைகள் அவை! அந்த வெந்நீரிலே அவர் குளித்த நாட்களை எண்ணினால் விரல்களே மிஞ்சும். கணவன் மறைந்ததும், இருந்த சின்னஞ்சிறு சுகங்களும் மங்கலப் பட்டியலோடு சேர்த்து அடிக்கப்பட்டன. அப்படிப்பட்டவர் 'போதும்' என்றால், அது மனநிறைவா? இல்லை, கேட்டாலும் கிடைக்காது என்று கற்றுக்கொண்ட பாடமா?

தொட்டி வாங்கியே தீருவது என்று கிளம்பினோம். இங்கேதான் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

கடையிலே வரிசையாகத் தொட்டிகள். நடுவே, நான்கு சிங்கக்கால்கள் மீது, வெண்பளிங்குப் படகுபோல ஒன்று. நாமும் துணைவியாரும் அதன் முன்னே மயங்கி நின்றோம். "அரண்மனைத் தோற்றம் சார்!" என்றார் கடைக்காரர். (அரண்மனையா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலே ஜான் மைக்கேல் கோலர் என்பவர், குதிரைக்குத் தண்ணீர் காட்டவும் பன்றியை வெந்நீரில் இட்டு மயிர் களையவும் உதவிய வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் பொருத்தி, குளியல் தொட்டியாக்கினார், 1883-ல். அவர் தொடங்கிய நிறுவனமே பெருமையோடு சொல்லிவரும் வரலாறு இது. அரண்மனையல்ல, தொழுவம்! அதில் இழிவொன்றும் இல்லை. உழைப்பாளியின் தொட்டி என்று சொல்லி விற்றிருந்தால் நமக்கு இன்னும் பிடித்திருக்கும்.)

விலை பேசத் தொடங்கினோம். அப்போது அன்னையார் மெல்ல முன்வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு 23 அங்குலம். அவர் முழங்கால் தரையிலிருந்து 17 அங்குலம். கால் எழும்பவில்லை. இரண்டாம் முறை முயன்றார். எழும்பவில்லை. சுற்றிலும் ஆட்கள். புடவையைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்து, "அழகாயிருக்கிறது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வாளி இருக்கிறதே" என்றார்.

பெருமைக்காக மெருகு ஓடு பதித்து அன்னையின் கையை முறித்தவர்கள், அதே பெருமைக்காக, அன்னையின் பெயரால், அன்னை ஏறமுடியாத தொட்டியை வாங்க நின்றோம்! சின்னம்மா வெளிப்படையாக மறுத்தார். நாமோ கொடுப்பதுபோல் மறுக்க இருந்தோம். எது கொடிது?

வீடு திரும்பியதும், கடைக்காரரின் வண்ணப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, அளவு நாடாவை எடுத்தோம். அச்சிலே வந்துவிட்டால் உண்மையாகிவிடுமா? 1917 டிசம்பரில், மென்கன் என்ற அமெரிக்க எழுத்தாளர், குளியல் தொட்டியின் வரலாறு என்று முழுக்கமுழுக்கக் கற்பனையான ஒரு கட்டுரையை நாளிதழிலே வேடிக்கைக்காக எழுதினார். படித்தவர் நம்பினர், மற்ற ஏடுகள் எடுத்தாண்டன. "அத்தனையும் பொய்" என்று 1926-ல் அவரே அறிவித்த பிறகும் அந்தப் பொய் சாகவில்லை. தொட்டியின் கடந்தகாலத்துக்கே அந்தக் கதி என்றால், 'உடலுக்கு உகந்தது' என்று விளம்பரம் சொல்லும்போது, யாருடைய உடலுக்கு என்று கேட்கவேண்டாமா?

நாம் அளந்தது அன்னையாரின் உடலை. விளிம்பு 16 அங்குலத்துக்கு மேற்படக்கூடாது. தொட்டியின் தலைமாட்டிலே, விளிம்பின் உயரத்துக்கே 15 அங்குல அகலத்தில் ஒரு திண்ணை. அதில் முதலில் அமர்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே வைக்கலாம். தொட்டியின் அடியில் உட்கார்ந்துவிட்டால் எழுவது அரிது. ஆகவே உள்ளே 8 அங்குல உயரத்தில் ஓர் இருக்கை. பிடித்துக்கொள்ளச் சுவரிலே இரண்டு கம்பிகள், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று படுத்தும். துண்டு தொங்கவிடும் கம்பி ஆளைத் தாங்காது; ஓட்டைத் துளைத்து, சுவருக்குள்ளே ஆழ முடுக்கவேண்டும். கதவு வைத்த தொட்டியும் கடையில் உண்டு. ஆனால், உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் நீர் நிரப்பலாம். நீர் முழுதும் வடிந்த பிறகுதான் கதவைத் திறக்கலாம். அதுவரை நனைந்த உடம்போடு நடுங்கவேண்டும். வேண்டாம் என்றோம்.

எந்தப் பொருளில் செய்தது? வார்ப்பிரும்பு வெப்பத்தை நெடுநேரம் காக்கும். ஆனால் தொட்டி மட்டுமே 150 கிலோவுக்கு மேலும் இருக்கும். குடியிருப்பு வீட்டின் குளியலறைத் தளத்துக்கு நம் நாட்டுத் தரவிதி கணக்கிடும் சுமை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. ஐந்தடித் தொட்டி பிடிக்கும் இடமோ ஒரு சதுர மீட்டரும் சற்றும். இரும்பு, நீர், ஆள் மூன்றையும் கூட்டினோம், இடித்தது. தொட்டால் சில்லிடாத, எடை குறைந்த அக்ரிலிக் போதுமென்று, பொறியாளரிடம் காட்டியே முடிவு செய்தோம். வெந்நீருக்கும் கணக்குண்டு. 60 பாகை வெந்நீர் 25 லிட்டரை 28 பாகைக் குழாய்நீரோடு கலந்தால், 40 பாகையில் 65 லிட்டர் அளவே கிடைக்கும். நமக்கு வேண்டியது 110. கீசரை மாற்றாமல் தொட்டியை மட்டும் வாங்கியிருந்தால், பாதித் தொட்டியில் அண்டாவின் கதையே மீண்டிருக்கும். 50 லிட்டர் கீசர் வைத்தோம்.

தொட்டி வடகிழக்கு பார்க்கவேண்டும் என்று ஒரு பெரியவர் வந்து சொன்னார். நீர் அறிந்த திசை ஒன்றே, பள்ளம்! வடிகாலின் சரிவைப் பார்த்தோம். ஓடு பதிக்குமுன் தரையிலே கசிவுத்தடை பூசினோம். மொகஞ்சதாரோவின் பெருங்குளம், 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனைக் கட்டியவர்கள், நீர் கசியாதிருக்கச் செங்கல் சுவருக்குப் பின்னே நிலக்கீல் பூசினார்கள். வேலை தெரிந்தவர்கள்!

ஒரு கேள்வி மட்டும் உறுத்திற்று. சின்னம்மாவின் கேள்வியன்று, நியாயமான கேள்வி. 2019 கோடையிலே பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டு, சூலை 12-ல் சோலையார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்து இரயில் வந்து சேர்ந்த ஊர் இது. தெருக்குழாயிலே குடத்தோடு காத்து நின்ற பெண்களை மறந்து தொட்டியை நிரப்பலாமா? கணக்கைச் சொல்லிவிடுகிறோம். வாளிக் குளியலுக்கு 40 லிட்டர், தொட்டிக்கு 110. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் பூத்தூறலின் கீழ் நம் பிள்ளைகள் நின்ற 12 நிமிடத்துக்கோ 120! குற்றவாளி தொட்டி மட்டுமல்ல. ஆகவே வீட்டாரெல்லாம் வாளிக்குத் திரும்பினோம். தொட்டி நிரம்புவது வாரம் இருமுறை, அன்னையாருக்காக மட்டும். வடியும் நீரைக் கழிப்பறைக்கு எடுத்துக்கொள்கிறோம். தொட்டியைத் துலக்குவது நம் கை. வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரின் முதுகிலே அந்தச் சுமையை ஏற்றவில்லை.

முதல் நாள். கதவுக்கு வெளியே நாமும் துணைவியாரும் காத்திருந்தோம். நீர் வடிந்த பிறகே எழவேண்டும், எழுந்ததும் மயக்கம் வரலாம் என்று பத்துமுறை சொல்லியிருந்தோம். அரைமணி ஆயிற்று. கவலையோடு, "அம்மா, போதுமா?" என்று குரல் கொடுத்தோம்.

உள்ளேயிருந்து பதில் வந்தது: "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேனப்பா."

தோழர்களே! 74 ஆண்டுகளில் அவர் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டு நாம் கேட்டது அதுவே முதல்முறை. சென்ற மாதம் சின்னம்மா வந்தார், குளியலறைக்குள் போனார், நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்து, யாரையும் நோக்காமல் கேட்டார்: "அந்த விளிம்பு எத்தனை அங்குலம் என்றாய்?"

சொன்னோம். நீங்களும் வீட்டிலே அறை கட்டும்போது, ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்குமுன், அளவு நாடாவோடு அன்னையின் அருகே போய் நில்லுங்கள். அவர் 'எனக்கு எதற்கு' என்பார். அதனை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.