திறந்து பார்த்துப் போடுங்கள்



முத்துக் குளித்த காலத்தில் நம் தூத்துக்குடிக் கரையில் சிப்பிகளைக் குவித்து, ஆயிரம் கணக்கில், மூடியபடியே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் எடுத்தவர் அதிர்ஷ்டம். கணினியில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதில்லை.

2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் பார்த்திருப்பீர்கள். அதில் மென்பொருள் 'டெப்' பொட்டலமாக வரும். அதன் கட்டு, 1971 யூனிக்ஸிலேயே இருந்த 'ஏஆர்' கருவியின் முறை. சி மொழி நிரல் நூலகங்களை ஒரே கோப்பாகக் கட்டுவதும் அதே கருவிதான்.

பக்கத்து வீட்டு மாணவி பென்டிரைவில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். "சார், இதைப் போடலாமா?" அவள் கல்லூரிப் பாடமெல்லாம் அந்த மடிக்கணினியில்தான் இருக்கிறது. கட்டளைத் திரையில் 'ஏஆர்', 'டி', கோப்பின் பெயர் என்று வரிசையாகத் தட்டினோம். உள்ளே மூன்று உறுப்புகள்: பதிப்பு எண், கட்டுப்பாட்டுக் கோப்பு, மென்பொருள். 'டி'க்குப் பதில் 'எக்ஸ்' போட்டால் மூன்றும் தனித்தனியாகப் பிரியும்.

நடுவில் உள்ளதை மேலும் பிரித்துப் படிப்பது முக்கியம். நிறுவும்போது ஓடும் கட்டளைகள் அதில் இருக்கும். கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். இந்தப் பொட்டலத்தில் ஒரு வரி, முன்பின் தெரியாத முகவரியிலிருந்து எதையோ இறக்கச் சொன்னது.

"வேண்டாம் சார்," என்று அவளே சொல்லிவிட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள்.