என்ன வேலை செய்கிறாய்?

வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் பிள்ளைகளை எல்லோரும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள். காசைக் கொட்டிப் பட்டம் வாங்கியவர்கள் என்று ஏளனம். காசைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். கந்துவட்டிக்கு வாங்கி, தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ரஷ்யாவில் ஆறு வருடம் படித்து வந்திருக்கிறாள். அம்மா மீன் விற்கிறாள். அப்பா கழிவுநீர்க் குழாயில் அடைப்பெடுக்கும் ஒப்பந்தக் கூலி. சித்தப்பாவும் அதே வேலைதான். ஒரு வீட்டுத் தொட்டிக்குள் இறங்கியவர் உயிரோடு ஏறி வரவில்லை.

இங்கே டாக்டராகப் பதிவு செய்ய அவள் எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வில் தேற வேண்டும். 2002இல் வந்த தேர்வு. 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் போதும், தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பல முறை, எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறியதில்லை. உடற்கூறு 17, உடலியங்கியல் 17, உயிர்வேதியியல் 17, அப்புறம் நோய்க்கூறு, நுண்ணுயிர், மருந்து, சட்ட மருத்துவம் என்று அடிப்படைப் பாடங்களில் மட்டும் 100 கேள்விகள். முதல் இரண்டு மூன்று வருடத்தில் படித்ததை எல்லாம் மறுபடியும் புரட்ட வேண்டும்.

நான் படித்தது எம்.ஏ. தமிழ். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் மே தினப் பூங்காவில் அவளோடு உட்காருவேன். “எனக்குத் தமிழ்ல சொல்லு. சொல்ல முடிஞ்சா உனக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்” என்பது எங்கள் ஒப்பந்தம்.

ஒருநாள் செல்லுக்குள் நடக்கும் மூச்சைப் பற்றிச் சொன்னாள்.

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அடுப்பு இருக்குதுக்கா. மூச்சுல வர்ற ஆக்சிஜன் அங்க போய்ச் சேரணும். கடைசி வாசல்ல சைட்டோகுரோம் ஆக்சிடேஸ்னு ஒரு நொதி. அத சயனைடு அடைச்சிடும். ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கும், செல்லால எடுத்துக்க முடியாது.”

“பானையில சோறு இருக்குது, வாயத் தைச்சிருக்குது. அப்படியா?”

“அதேதான். சயனைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. மூணும் அந்த வாசலத்தான் அடைக்கும்.”

மூன்றாவது பெயரைச் சொன்னவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மலக்குழியிலும் சாக்கடையிலும் ஊறும் வாயு அது. கூவத்தில் நாம் மூக்கைப் பொத்தும் அழுகிய முட்டை நாற்றமும் அதுதான். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மோப்ப நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே, விஷம் போய்விட்டது என்று நினைத்து ஆள் இறங்குவான். அளவு மிகுந்தால் நாலைந்து மூச்சிலேயே சாய்வான். தூக்கப் போன இரண்டாவது ஆளும் சாய்வான்.

“குடிச்சிட்டு எறங்குனான்னுதானேக்கா சொன்னாங்க சித்தப்பாவ?” என்றாள்.

தொட்டியைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் ஜனங்களில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு வரும் விஷயத்தில் எங்கள் வீட்டு மனிதன் செத்த காரணம் இருந்திருக்கிறது. அதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு டாக்டர் இல்லை.

சமூக மருத்துவத்துக்கு 30 கேள்விகள். அதில் தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை யார் என்று ஒரு கேள்வியைப் பயிற்சிப் புத்தகத்தில் காட்டினாள். பெர்னார்டினோ ராமஸ்ஸினி. இத்தாலியில் மோடெனா நகரத்து மருத்துவர். தன் வீட்டு மலக்குழியை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி ஏன் இப்படி அவசரப்படுகிறான் என்று கேட்டிருக்கிறார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றிருக்கிறான் அவன். அந்தப் பதிலிலிருந்துதான் அவருடைய தேடல் தொடங்கியது. 1700இல் தொழில்களின் நோய்கள் பற்றிப் புத்தகம் எழுதி, நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு ‘என்ன வேலை செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னார்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். 1734இல் நெசவாளர்களைக் குடிவைத்த இடம். இங்கே ஊர்ப் பெயரும் தொழில், தெருவும் தொழில். அப்பாவுக்கு என்ன வேலை என்று வாடகை வீட்டில் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், உடன் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். பதிலை வைத்துச் சாதியைக் கண்டுகொள்ளத்தான். கேட்க வேண்டிய இடத்தில், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில், பிணவறை வாசலில், அந்தக் கேள்வி வருவதில்லை.

கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993இலும், இன்னும் விரிவாக 2013இலும் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அந்தப் பணத்தைக் கேட்க முதலில் அது சாக்கடைச் சாவு என்று காகிதத்தில் ஏற வேண்டும். அதை எழுதுகிற கை டாக்டருடையது. குடிபோதை, மாரடைப்பு என்று எழுதிவிட்டால் குடும்பம் தெருவில்தான்.

ஆகவே இந்தப் பெண் தேறுவது அவள் வீட்டுக் கடன் அடைகிற விஷயம் மட்டுமல்ல. நம் தெருக்களில் இப்படிப் படிக்கிற பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள். பழைய புத்தகம் வாங்கிக் கொடுப்போம். படிக்க ஓர் அறையும் விளக்கும் ஏற்பாடு செய்வோம். எதிரே உட்கார்ந்து ‘தமிழ்ல சொல்லு’ என்று கேட்க ஓர் ஆள் இருக்கட்டும். குழிக்குள் இறங்கியவனின் அண்ணன் மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டு, வருகிறவர்களிடம் ‘என்னா வேலைண்ணே செய்யறீங்க?’ என்று கேட்டு, பதிலை ஒளிக்காமல் எழுதட்டும்.