ஹெப்பாள் ஏரிக்கரையில் ஒரு மாலை

பிழைப்பை நாடி மைசூருக்கு வந்த நம்மவர் பலருக்கு ஹெப்பாள் என்றதும் தொழிற்பேட்டையே நினைவுக்கு வரும். அங்கே ஓர் ஏரியும் உண்டு. சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் கலந்து சீர்கெட்டுக் கிடந்த அவ்வேரி, இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் முயற்சியால் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையமும் அமையப்பெற்று, இன்று புத்துயிர் பெற்றிருக்கிறது.

அண்மையில் ஒரு மாலை என் மகளுடன் அதன் கரையில் உலாவினேன். நீர்க்காகம் ஒன்று இறந்து கிடந்தது. "இது தின்ற மீனெல்லாம் எங்கே போகும், அப்பா?" என்று கேட்டாள் குழந்தை. "மண்ணுக்குத்தான், அம்மா" என்றேன். சொன்ன பிறகுதான், தென்துருவக் கண்டத்தைப் பற்றி முன்பு படித்தது நினைவுக்கு வந்தது.

ஆலைகளே இல்லாத அந்தப் பனிநிலத்து மண்ணிலும் பாதரசம் சேர்கிறது. நிலக்கரி எரிப்பதாலும், சிறு சுரங்கங்களில் பொன்னைப் பிரிப்பதாலும் எழும் பாதரச ஆவி, பல மாதங்கள் காற்றில் மிதந்து துருவக் கடல்களையும் அடைகிறது. நுண்ணுயிர்கள் அதைக் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. கிரில் என்னும் சிற்றுயிரை மீன் உண்ண, மீனைப் பெங்குவினும் சீலும் உண்ண, படிக்குப் படி நஞ்சு செறிகிறது. அவற்றின் எச்சமும், உதிர்ந்த இறகும் உரோமமும், மடிந்த உடலும் அந்நஞ்சைக் கரையேற்றுகின்றன. கடுங்குளிரில் உடல் எளிதில் மட்குவதில்லை. 1903-இல் ஸ்காட் குழுவினர், கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றில் உலர்ந்த சீலின் உடலைக் கண்டனர். அத்தகைய உடல்கள் நூற்றாண்டுக் கணக்கிலும் கிடப்பதுண்டு. அவை மெல்லச் சிதையுமிடத்து மண்ணில் நஞ்சும் மெல்ல இறங்குகிறது.

இது எங்கோ நடக்கும் கதையன்று. நம் கொடைக்கானலில் பாதரச மாசு காரணமாக வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 2001-இல் மூடப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வில் கொடை ஏரி மீன்களிலும் பாதரசம் காணப்பட்டது.

ஹெப்பாள் ஏரியில் பாதரசம் உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் நம் வீடுகளில் அது உண்டு. பழைய வெப்பமானியிலும் குழல்விளக்கிலும் இருப்பது அதுவே. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. அரசின் கடமை அது. நம் கடமையும் ஒன்றுண்டு. பழுதான குழல்விளக்கை உடைத்துக் குப்பையில் வீசாமல், மின்னணுக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைப்போம். அன்று வீடு திரும்பியதும், பரணில் கிடந்த இரண்டு விளக்குகளை என் மகளே பத்திரமாக எடுத்து வைத்தாள்.