விளக்கு முதலிலா, வண்டி முதலிலா?

2003 மே மாதம். பெரியம்மா சென்னையில் ஆஸ்பத்திரியில் சீரியஸ் என்று போன். முழங்கால் வலியோடு அம்மாவால் பஸ் ஏற முடியாது. திருச்சியிலிருந்து என் காரிலேயே கிளம்பினோம். கார்புரேட்டர் காலத்து வண்டி.

பெரம்பலூர் தாண்டியதும் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. இருபது, முப்பது கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே இருமல், அதே விளக்கு. விழுப்புரம் வருவதற்குள் நாலு தடவை.

அங்கே ஒரு ஒர்க்ஷாப்பில் விளக்கைப் பற்றிச் சொன்னதுமே தீர்ப்பு வந்துவிட்டது. "ஆயில் பம்ப் போயிடுச்சு சார். இன்ஜினை இறக்கணும். மூணு நாள். 15,000 ஆகும்."

அம்மா எதுவும் பேசவில்லை. விபூதிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த வயதான லாரி மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்தார். "தம்பி, விளக்கு எரிஞ்சப்புறம் வண்டி நின்னுச்சா, நின்னப்புறம் விளக்கு எரிஞ்சுதா?"

யோசித்தேன். இருமல்தான் முதலில்.

"அப்ப விளக்கு மேல தப்பில்ல. ஆயில் பம்ப்பை ஓட்டுறதே இன்ஜின்தானே? அது நின்னா பிரஷர் ஏது? சாவி ஆன்ல இருந்தா விளக்கு எரியத்தான் செய்யும்."

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் மேல் கோட்டில். அடுத்து பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது.

"மூடி புதுசா?"

போன வாரம்தான் மாற்றியிருந்தேன். பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து, நடைபாதைக் கடையில் 60 ரூபாய்க்கு வாங்கிய பூட்டு மூடி. பழைய மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. இதில் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம். ஒரு கட்டத்துக்கு மேல் பம்ப்பால் இழுக்க முடியாது. வண்டி நின்றதும் ஏதோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே போகும். மறுபடி ஓடும். திருடனைப் பூட்டுவதாக நினைத்துக் காற்றைப் பூட்டியிருக்கிறேன்!

மூடியை இறுக்காமல் அரைத் திருகலில் விட்டார். காசு வாங்கவில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும்: "ஓடிக்கிட்டிருக்கும்போதே அந்த விளக்கு எரிஞ்சா, ஒரு பர்லாங்குகூட ஓட்டாதீங்க. உடனே ஆஃப் பண்ணிடுங்க." பேரிங்குகளைத் தேயாமல் காப்பாற்றுவது அந்த ஆயில் படலம்தான்.

இன்றைய கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கோளாறைக் கம்ப்யூட்டர் நம்பர் போட்டுச் சொல்கிறது. ஆனாலும் வீட்டில், ஆபீஸில் எது நின்றுபோனாலும் நான் முதலில் கேட்பது அவர் கேட்ட கேள்வியைத்தான்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பெரியம்மாவுக்குத் தங்கச்சியை அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாள். மறுநாள் காலையில் அவள் இல்லை.