பாலையூற்றில் ஐந்து நாட்கள்

திருகோணமலைக்குக் குடும்பத்துடன் செல்ல எண்ணுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எங்கே தங்குவது என்பதாகும். கோணேசர் கோயிலைப் பற்றியும் கடலின் அழகைப் பற்றியும் எழுதியோர் பலர். வயோதிபரும் குழந்தைகளும் அடங்கிய ஒரு குடும்பம் எங்கே இறங்கி, எங்கே நீராடி, எங்கே உண்டு, சுற்றியுள்ள ஊர்களை எவ்வாறு பார்த்து வருவது என்பதை எழுதியோர் அரியர். 2024ஆம் ஆண்டு ஆடி அமாவாசையையொட்டி நாம் சென்று வந்த பிரயாணம் சிலருக்கேனும் பயன்படலாம் என்றெண்ணி இதனை எழுதுகின்றோம்.

நாம் எழுவர் சென்றோம். எழுவருள் மூத்தவர் எமது பெரியம்மா, வயது எழுபத்தெட்டு, முழங்கால் வலியால் படியேறுதல் அவருக்கு இயலாத காரியம். காலஞ்சென்ற பெரியப்பா புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். சீனன்குடாவிலும் கந்தளாயிலும் அவர் கடமை பார்த்த நாட்களிலே குடும்பம் பாலையூற்றில் குடியிருந்தது. 1985ஆம் ஆண்டுக் குழப்பத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியவர்கள், பின்னர் அங்கே ஓர் இரவேனும் தங்கியதில்லை. பெரியப்பா காலமான பின் வந்த முதல் ஆடி அமாவாசை இது. கன்னியாவில் மகனைக் கொண்டு பிதிர்க்கடன் செய்விக்க வேண்டுமென்பது பெரியம்மாவின் விருப்பம். ஆகவே, இந்தப் பிரயாணத்தில் விடுதி தெரிவு செய்வது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயமாக இருக்கவில்லை.

திருகோணமலையிலே தங்குமிடங்கள் மூவகைப்படும். வடக்கே உப்புவெளியிலும் அதற்கப்பால் நிலாவெளியிலும் கடலை நோக்கி அமைந்த விடுதிகள் ஒருவகை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் கீழைக் கடல் அமைதியாயிருக்கும். அந்த மாதங்களிலே பிறநாட்டார் பெருந்தொகையினராய் வருவர். அதற்கேற்ப அறை வாடகையும் ஏறும். நகரின் நடுவே, பஸ் நிலையத்தை அடுத்துள்ள விடுதிகள் இரண்டாம் வகை. கோயிலுக்கும் சந்தைக்கும் அவை அண்மையானவை. ஓர் இரவு தங்கி மறுநாட் செல்வோருக்குப் போதுமானவை. நகரை ஒட்டிய குடியிருப்புகளிலே வீட்டின் ஒரு பகுதியையோ முழு வீட்டையுமோ நாட்கணக்கில் கொடுப்பது மூன்றாம் வகை.

எம்முடன் வந்த இளையோர் முதல் வகையையே விரும்பினர். அவர்களுடைய மனம் நோகாதிருக்கும்பொருட்டுக் கடலோர விடுதி ஒன்றைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தோம். நீச்சல் தடாகம் உண்டென்று நாம் கேளாமலே சொன்னார்கள். கீழ்த்தளத்தில் அறை உண்டா, விடியற்காலை ஐந்து மணிக்கு வெந்நீர் கிடைக்குமா, அமாவாசையன்று மரக்கறி உணவைத் தனிப் பாத்திரத்தில் சமைத்துத் தர இயலுமா என்று நாம் கேட்டவற்றுக்குத்தான் தெளிவான விடை கிடைக்கவில்லை. அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, “கடலை நான் நாப்பது வருஷமாக் கனவில பாத்துக்கொண்டுதான் இருக்கிறன், பிள்ளையள். எனக்குப் பாலையூத்துக் கிணத்துத் தண்ணியில ஒருக்காக் குளிக்கவேணும், அவ்வளவுதான்” என்றார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

பாலையூற்று என்னும் பெயரிலேயே மரமும் நீரும் உள்ளன. இங்கே பாலை என்பது பழைய நூல்கள் கூறும் வறண்ட நிலமன்று. வன்னியிலும் கிழக்கிலும் காடுகளில் ஓங்கி வளரும் வைரம் பாய்ந்த மரம் அது. அதன் சிறிய மஞ்சட் பழம் மிக இனியது. நாலைந்து தின்றால் உதடுகள் பாலினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எம்முடன் வந்த சிறுவர் இதை நேரில் அறிந்தபோது சற்று நேரம் வீடு நிசப்தமாயிருந்தது. அந்தப் பழத்துக்கு நாம் நன்றி பாராட்டினோம். ஊர், நகரின் மேற்குப் புறத்தே, உள்நாட்டுக்குச் செல்லும் பெருவீதியின் பக்கமாக இருக்கின்றது. நகருக்கும் துறைமுகத்துக்கும் சீனன்குடாவுக்கும் அதிக தூரமில்லை. கன்னியாவும் அந்தப் பக்கமே.

நாம் பெற்ற வீடு இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் உள்ளது. முற்றத்தில் மாமரம், பின்புறம் கட்டுக் கிணறு. உரிமையாளரான அம்மையார் அடுத்த வளவிலேயே வசிக்கின்றார். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், இரவில் புட்டும் அவர் சமைத்து அனுப்பினார். கடலோர விடுதியில் ஓரறைக்குக் கேட்ட பணத்தைவிடக் குறைவான வாடகைக்கு முழு வீடும் கிடைத்தது. குறைகளும் உண்டு. ஆடி மாதத்திலே பகல் முழுதும் கச்சான் காற்று புழுதியையும் வெப்பத்தையும் வாரிக்கொண்டு வீசும். மாலையில் நுளம்புகள் வரும். குளிரூட்டும் கருவி ஓரறைக்கே உண்டு. இத்தகைய வீட்டைப் பேசுவோர் மூன்று விஷயங்களை முன்னரே கேட்டுக்கொள்வது நன்று: கிணற்று நீர் குடிக்கத் தகுந்ததா, குளியலறைக்குப் படியின்றிச் செல்லலாமா, நுளம்பு வலை உண்டா. கட்டிலின் மெத்தையைப் பற்றிக் கேட்பதைவிட இவை முக்கியமானவை.

முதல் நாள் மாலையிலே பெரியம்மா கிணற்றடியில் முக்காலியில் அமர்ந்து நீராடினார். தாம் வாழ்ந்த வீட்டைச் சென்று பார்க்கவேண்டுமா என்று கேட்டோம். “அங்க இப்ப ஆரோ இருப்பினம். அவையளை ஏன் கலைப்பான்?” என்று கூறிவிட்டார். நாமும் வற்புறுத்தவில்லை.

அமாவாசையன்று விடியுமுன் கன்னியாவுக்குச் சென்றோம். திருகோணமலைச் சைவர்களுக்கு இது உல்லாசப் பிரயாணிகளின் இடமன்று. அந்தியேட்டிக்கும் பிதிர்க்கடனுக்கும் உரிய இடமாகும். இராவணன் தன் தாயாரின் ஈமக்கடனைச் செய்தபோது உண்டானவை இக்கிணறுகள் என்பது ஐதிகம். சிறிய கட்டுக் கிணறுகள் ஏழு, ஆழம் அதிகமில்லை, ஒவ்வொன்றின் வெப்பமும் வெவ்வேறு. இவ்விடத்தில் எரிமலை எதுவும் கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக நிலத்தினுள்ளே வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே வெப்பமேறி, வேறு வெடிப்புகளின் வழியே மீண்டும் மேலெழுகின்றது. மாணவர்கள் வாளியால் மொண்டு ஏழு கிணற்று நீரையும் மாறி மாறி ஊற்றிப் பார்க்கலாம். முதியோரை மெல்லிய சூடுள்ள கிணற்றிலிருந்து தொடங்கச் செய்தல் வேண்டும்.

கோணேசர் கோயிலைப் பற்றி விரிக்கவில்லை, வாசகர் அறிந்ததே. 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களே கோட்டைக்குச் சென்றன. கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லை இன்றும் காணலாம். 1950இல் நிலத்தைத் தோண்டியபோது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் குடமுழுக்கு நடந்தது. மாலைப் பூசைக்குச் செல்வோர் வழியிலே புள்ளிமான்கள் மேய்வதையும் காண்பர்.

இனிப் புகையிரதப் பிரயாணத்துக்கு வருவோம். எமது மருமகன் யப்பானில் சில காலம் கல்வி கற்றவர். அங்கே பிரயாணிகள் கைக்கொள்ளும் முறையொன்றை அவர் கூறினார். கியோத்தோ நகரிலே புகையிரத நிலையத்துக்கு அண்மையில் ஒரு விடுதியை அமர்த்திக்கொள்வார்களாம். பெட்டி படுக்கைகளை அங்கேயே வைத்துவிட்டு, ஒரு நாள் நாரா, ஒரு நாள் ஒசாக்கா என்று காலையிலே சென்று இரவிலே திரும்புவார்களாம். நாரா ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பிரயாணந்தான். நாளுக்கோர் ஊரில் மூட்டையை அவிழ்த்துக் கட்டும் தொல்லை இல்லை. இந்த முறையை நாம் பாலையூற்றிலே பரீட்சித்தோம். அங்கே ஒரு வண்டி தவறினால் சில நிமிடங்களில் மற்றொரு வண்டி வரும். இங்கே பகல் வண்டி தவறினால் அன்றைய பிரயாணமே தவறியதாகும். ஆகவே ஒரு சிறு மாற்றஞ் செய்தோம். செல்லும்போது புகையிரதம், திரும்பும்போது பஸ் வண்டி. கண்டிக்குச் செல்லும் பெருவீதி புகையிரதப் பாதையை ஏறக்குறைய ஒட்டியே செல்வதால் இது எளிதாயிற்று. நேரத்தை மாத்திரம் முதல்நாளே நிலையத்தில் கேட்டறிய வேண்டும்.

இப்பாதை 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர். திருகோணமலையை விட்ட வண்டி முதலில் அடையும் பெரிய நிலையம் சீனன்குடா. சிறுவர்களுக்கு யப்பானைப் பற்றிக் கூறிக்கொண்டு வந்த மருமகன் இங்கே சற்றே மௌனமானார். 1942ஆம் ஆண்டு சித்திரை 9ஆம் திகதி காலையிலே நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தமையால் போர்க்கப்பல்கள் முதல்நாளே துறைமுகத்தைவிட்டு அகன்றிருந்தன. எனினும், அவற்றுள் ஒன்றான ‘ஹேர்மீஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியர் காட்டினுள்ளே வரிசையாக அமைத்திருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கொள்கலன்களுள் ஒன்றின்மீது யப்பானிய விமானமொன்று வீழ்ந்து மோத, அத்தீ ஏழு நாட்கள் எரிந்ததென்பர். அக்கொள்கலன்களைச் சீர்செய்து பயன்படுத்த 2022இல் இந்தியாவுடன் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. 1980களிலே யப்பானியக் கூட்டுடன் எழுந்த டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் இத்துறைமுகத்திலேதான் உள்ளது. குண்டு போட்ட தேசத்தவர் நாற்பது ஆண்டுகளின் பின் கட்டுவதற்குச் சீமெந்து தந்தனர் என்பதைக் கேட்டு எமது சிறுவர்களுள் ஒருவன், “அப்ப உடைஞ்சதையெல்லாம் அதாலயோ கட்டினவை?” என்றான். எம்மிடம் விடை இல்லை.

தம்பலகாமத்தில் இறங்கினால் எங்கும் வயல்கள். கந்தளாய்க் குளத்து நீர் இங்கே வந்து பாய்கின்றது. கோயிற்குடியிருப்பிலுள்ள ஆதிகோணேசர் ஆலயத்துக்கு நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டியிற் செல்லலாம். மலைக்கோயில் இடிக்கப்பட்ட காலத்திலே அடியார்கள் மறைத்துக் காத்த திருவுருவங்கள் இங்கே வந்து சேர்ந்தன என்பர். மலையிலே கூட்டத்தில் நெருக்குண்டோருக்கு இங்கே கிடைக்கும் அமைதி பெரிது. தம்பலகாமக் குடாவிலே பலகணிக்குக் கண்ணாடிபோற் பயன்படும் மெல்லிய ஓடுள்ள சிப்பிகள் ஒருகாலத்தில் ஏராளமாய் எடுக்கப்பட்டன.

கல்லோயாச் சந்தி வரை சென்று, மட்டக்களப்புப் பாதைக்கு மாறிப் பொலன்னறுவையையும் பார்க்கலாம். சோழர் எழுப்பிய வானவன்மாதேவீச்சரம் அங்கே உள்ளது. ஆனால் சந்தியில் இணைப்பு வண்டிக்குக் காத்திருக்க நேரும். முதியோருடன் செல்வோர் அதனைத் தனிப் பிரயாணமாகக் கொள்வதே நன்று. அப்பகுதிக் காடுகளில் வண்டி மெதுவாகச் சென்றால் முணுமுணுக்க வேண்டியதில்லை. யானைகள் பாதையைக் கடக்கும் இடங்கள் அவை. 2025ஆம் ஆண்டு மாசி மாதம் 20ஆம் திகதி, ஹபரணைக்கு அருகே மட்டக்களப்புப் பாதையில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் மாண்டன.

கந்தளாயைக் கடைசி நாளுக்கென வைத்திருந்தோம். குளம் கடல்போல் விரிந்து கிடக்கின்றது. குளக்கோட்டன் கட்டியதென்பது எமது மரபு. இரண்டாம் அக்கிரபோதியின் காலத்ததென்பது சிங்கள வரலாற்று நூல்களின் கூற்று. சோழர் காலத்தில் இங்கே சதுர்வேதிமங்கலம் ஒன்று இருந்ததைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. 1986ஆம் ஆண்டு சித்திரை 20ஆம் திகதி அதிகாலையில் இவ்வணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முந்திய ஆண்டிலேதான் பெரியப்பா குடும்பத்துடன் இடம்பெயர்ந்திருந்தார். “நாங்கள் போனது நல்லதெண்டு அண்டைக்கு அவர் சொல்லேல்லை. அங்க நிண்ட போட்டர்மாரின்ர பேரைத்தான் ஒவ்வொண்டாச் சொன்னவர்” என்று பெரியம்மா குளக்கட்டில் நின்று கூறினார்.

காலையில் நாம் வந்திறங்கிய நிலையத்தில் அவர் நெடுநேரம் இருந்தார். ஒற்றைத் தண்டவாளப் பாதையிலே இரு வண்டிகள் எதிரெதிரே வாராதிருக்கும்பொருட்டு, நிலைய அதிபர் வளையத்தில் மாட்டிய உலோகத் தகடு ஒன்றைச் சாரதியிடம் கொடுப்பார். அத்தகடு கையில் இல்லாத சாரதி அடுத்த நிலையம் வரையுள்ள பாதையில் வண்டியைச் செலுத்தலாகாது. கருவியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தபின், அது மறுமுனையில் சேர்க்கப்படும் வரையில் மற்றொன்று வெளிவராது. பெரியப்பாவின் நாட்களில் நடந்த இம்முறையைப் பெரியம்மா கைகளை நீட்டிச் சிறுவர்களுக்குக் காட்டினார். கடமையிலிருந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர் செய்தி அறிந்து வெளியே வந்து, சிங்களத்தில் மரியாதையுடன் பேசி, தமது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பெரியம்மா, தாம் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த சிங்களத்திலேயே விடையளித்தார். இருவரும் என்ன பேசினர் என்பது எமக்கு முற்றும் விளங்கவில்லை.

வீதியோரக் கடையிலே எருமைத் தயிர்ச் சட்டிகள் இரண்டு வாங்கிக்கொண்டு பஸ் வண்டியில் ஏறினோம். தயிர் வாங்குவோர், சட்டியைக் கட்ட ஒரு துணியையும் கையோடு கொண்டுசெல்வது நன்று. கடைக்காரர் தரும் கடதாசி பாலையூற்று வரையில் தாங்காது.