நீர் காத்த குடில்

காலை ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். ஆனால் அக்கா என்னை உடனே குடிலுக்குள் விடவில்லை. "காலைக் கழுவுங்க தம்பி, கையவும்தான்" என்று வாசலில் இருந்த அகலத் தட்டைக் காட்டினார். அதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீர் இருந்தது. காலை நனைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்ட பிறகுதான் சாக்குத் திரையை விலக்கினார். கழுவுவது காளானுக்காக, முகத்துணி நமக்காக. விரிந்த சிப்பிக்காளான் மாவு போன்ற பொடியை உதிர்த்துக்கொண்டே இருக்கும். மூடிய குடிலில் நாள்தோறும் அதைச் சுவாசித்தால் இருமலும் மூச்சிரைப்பும் வந்துவிடும்.

ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு சாலையில், அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு மாந்தோப்பின் ஓரமாக இருக்கிறது குடில். ஊரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில், மலையடிவாரத்துக் காட்டாற்றின் கரையில் கோவில். சாமிக்கு நீர் காத்த அய்யனார் என்று பெயர். மலையில் மழை பிடித்தால் ஆற்றில் வெள்ளம் இறங்கிவிடும், கோவிலுக்கு யாரையும் விடமாட்டார்கள். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இந்தப் பக்கம்தான்.

உள்ளே கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. மேலே தென்னங்கீற்று, நாலு பக்கமும் நனைத்த சாக்கு, தரையில் ஆற்றுமணல். உறி உறியாய்க் கயிறு தொங்க, ஒவ்வோர் உறியிலும் மூன்று பெட். நூல்களில் 'படுக்கை' என்று எழுதுகிறார்கள்; இங்கே யாரிடம் கேட்டாலும் பெட்தான். வைக்கோல் உருளைகளின் பக்கவாட்டில் கொத்துக் கொத்தாய் வெள்ளைக் காளான் விரிந்திருந்தது. அக்கா ஒரு கொத்தின் அடியைப் பிடித்து லேசாகத் திருகினார். முழுசாய்க் கையோடு வந்தது. கத்தி வைப்பதில்லை. வெட்டினால் அடிக்கட்டை பெட்டிலேயே தங்கி அழுகும், அழுகலுக்கு ஈ வரும், ஈ வந்தால் குடில் முழுக்கப் போகும்.

"தண்ணி தெளிக்கிறதுக்கு முந்தியே பறிச்சிரணும். நனைஞ்ச காளான் எடை நிக்கும், மத்தியானத்துக்குள்ள நாறிப்போகும். இன்னைக்கு எடையில ஏமாத்துனா நாளைக்கு யாரு வாங்குவா?"

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். முன்பு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை. வீட்டுக்காரர் தோப்புக் காவல். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதென்று வேலையை விட்டவர், பத்து பெட்டில் இதைத் தொடங்கியிருக்கிறார். இப்போது அறுபது. அதற்குமேல் ஏற்றுவதில்லை என்பதில் பிடிவாதம். ஏன் என்று அன்று பகல் முழுக்கக் கூடவே அலைந்த பிறகு விளங்கியது.

சிப்பிக்காளான் பஞ்ச காலத்துப் பிள்ளை. முதல் உலகப்போரில் ஜெர்மனி உணவுக்குத் தவித்தபோது, 1917இல் ஃபால்க் என்பவர் அதை மரக்கட்டைகளில் வளர்த்துக் காட்டினார். வைக்கோலுக்கு அது வந்தது நம் பக்கத்தில். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1962இல் ஜாகியா பானுவும் ஸ்ரீவாஸ்தவாவும் நெல் வைக்கோலில் வளர்த்தார்கள். மாடு தின்று மிஞ்சியதைக்கூட உணவாக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. அதனால்தான் இது கையில் காசில்லாதவர்களைத் தேடி வருகிறது.

எட்டரை மணிக்கு வைக்கோல் வேலை ஆரம்பித்தது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்கிய துண்டுகள் விடியுமுன்பே தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. நாலைந்து மணி நேரம் ஊற வேண்டும். பிறகு அண்டாவில் போட்டு முக்கால் மணி நேரம் கொதி. சிலர் அடுப்பு மூட்டாமல் ஃபார்மலினும் பூசணக்கொல்லியும் கலந்த தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைப்பதுண்டு; விறகு மிச்சம். அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. "நம்ம பேரப்பிள்ளையும் இதத்தான் திங்கிது." அடுப்புக்குத் தோப்பில் கழித்த மாங்கிளை.

வெந்த வைக்கோலைச் சுத்தமான பாலித்தீன் விரிப்பில் நிழலில் உலர்த்தினார். இந்த இடத்தில்தான் தொழில் இருக்கிறது. எவ்வளவு உலர வேண்டும்? பயிற்சிக் கையேடு 65 விழுக்காடு ஈரம் என்று சொல்லும். அக்கா ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பார்ப்பார். விரலிடுக்கில் சொட்டு இறங்கக் கூடாது. திறக்கும்போது உள்ளங்கை மட்டும் மினுங்க வேண்டும். "சொட்டுனா பச்சை வரும். கை காஞ்சிருந்தா காளான் வராது. இம்புட்டுத்தான்."

'பச்சை' என்பது பச்சைப் பூசணம். அதை நான் முன்பே அறிவேன். போன வருடம் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நாலு பெட் போட்டேன். அவசரம், வைக்கோல் சொட்டச் சொட்டவே அடைத்துவிட்டேன். வித்தும் ஒரு கடையில் நாட்பட்டுக் கிடந்தது. பத்தாம் நாள் பெட்டுக்குள் பாசி படர்ந்தாற்போல் இருந்தது. நான் கதையைச் சொல்லி முடித்தபோது அக்கா சிரிக்கவில்லை. "அத வெளிய கொண்டு போயிப் புதைச்சீகளா, அங்கனயே வெட்டிப் பாத்தீகளா?" என்றார். வெட்டித்தான் பார்த்தேன். அந்த மூலையில் அடுத்த தடவையும் பச்சை வந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

வித்து என்பது விதை இல்லை. அரைவேக்காடாய் அவித்த சோளத்தில் கால்சியம் கார்பனேட் தூள் கலந்து, பையில் நிரப்பி, பஞ்சால் வாயடைத்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கி, அதில் பூசண இழையைப் பரவவிட்டது. சோளத்தின் மேல் வெள்ளை மூடியிருந்தால் நல்ல வித்து. அந்தப் பஞ்சைப் பற்றி அக்கா ஒன்று சொன்னார். மருத்துவப் பஞ்சுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம். ஆனால் அந்தப் பஞ்சு இதற்கு ஆகாது. அது ஈரத்தை இழுக்கும், ஈரத்தோடு கிருமியும் இறங்கும். நீர் உறிஞ்சாத பஞ்சுதான் வேண்டும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலத்தில் பாலித்தீன் பை. அடியில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தைச் சுற்றி ஒரு பிடி வித்து, மேலே மறுபடி வைக்கோல். நாலைந்து அடுக்கு ஏறியதும் அழுத்திக் கட்டி, காற்றுக்கு இரண்டு துளை. பதினைந்து இருபது நாளில் இழை பரவி உருளை முழுக்க வெள்ளையாகும். அப்போது பையைக் கிழித்துவிட்டுத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தால் மூன்று நாலு நாளில் மொட்டு விடும். அடுத்த சில நாளில் முதல் பறிப்பு. வாரம் பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு. ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் பெட் ஓய்ந்துவிடும். ஓய்ந்த வைக்கோல் தென்னைக்கும் மாவுக்கும் எருவாகப் போகும்.

கணக்குக் கேட்டேன். பத்து பெட்டுக்கு ஐந்து கிலோ காய்ந்த வைக்கோல், இரண்டு பெட்டுக்கு ஒன்றாக ஐந்து பை வித்து, பாலித்தீன், சணல் கயிறு. எல்லாம் சேர்த்து ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்றார். பெட்டுக்கு அரைக்கிலோ வந்தால் மகிழ்ச்சி. 200 கிராம் பாக்கெட் ஐம்பது ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடிகாலை ஊறவைத்ததற்கும், அண்டா முன்னால் நின்றதற்கும், ஒரு நாளைக்கு மூன்று முறை சாக்கு நனைத்ததற்கும் அந்தக் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை. 'குறைந்த முதலீடு' என்று நாம் எழுதும்போது, வீட்டுப் பெண்ணின் கூலியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

கோடையில் சிப்பி ஒத்துழைக்காது. அதற்கு 20இலிருந்து 28 டிகிரிக்குள் வேண்டும். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் மலையடிவாரமே காந்தும். அந்த மாதங்களில் அக்கா பால்காளானுக்கு மாறிவிடுகிறார். 1974இல் புர்காயஸ்தா, சந்திரா என்ற இருவர் மேற்கு வங்கத்திலிருந்து விவரித்த காளான் அது. அதைப் பண்ணைப் பயிராக்கி, 1998இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்டது இதே மாவட்டத்து அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம். ரகத்தின் பெயர் ஏ.பி.கே.2, அந்த மூன்று எழுத்தும் அருப்புக்கோட்டைதான். 30இலிருந்து 35 டிகிரி வெப்பத்தில் சுகமாய் வளரும், பறித்த பிறகும் மூன்று நாள் தாங்கும். ஆனால் பெட்டின் மேல் வேகவைத்த மண் போர்த்த வேண்டும், வேலை கூடுதல். வெயில் ஊர் தன் வெயிலுக்கேற்ற காளானைத் தானே தேடிக்கொண்டது.

ஒன்பதரைக்கு மொபெட்டில் கிளம்பினோம். இருபத்திரண்டு பாக்கெட், ஒவ்வொன்றிலும் ஊசித்துளை. முதலில் இரண்டு காய்கறிக் கடை, பிறகு வீடுகள். ஒரு தெருவில் மூன்று, அடுத்ததில் ஒன்று, ஒரு வாசலில் "இன்னைக்குக் கார்த்திகை, நாளைக்குக் கொண்டாங்க." கடைசி நாலு பாக்கெட்டுக்காக ஒரு மணி நேரம் சுற்றினோம். வெயில் ஏற ஏற அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்ததுமே அது வெளியேறத் தொடங்குகிறது. மாலைக்குள் ஓரம் சுருண்டு நிறம் மங்கும். வைக்கோலில் ஈரத்தை அளந்து வைத்து, சாக்கிலும் மணலிலும் தேக்கி, நாற்பத்தைந்து நாள் கட்டிக் காத்த தண்ணீருக்குச் சந்தையில் ஒரு பகல்தான் ஆயுள். கடைசிப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "எத்தனை பெட்டு போடலாம்னு எல்லாரும் கேக்குறாக. ஒங்க தெருவுல எத்தனை வீடு வாங்கும்னு ஒருத்தரும் கேக்கலை." அறுபதுக்குமேல் ஏற்றாத பிடிவாதத்துக்கு அதுதான் காரணம்.

திரும்பும் வழியில் மழை மேகம் மலையில் கட்டியிருந்தது. ஐப்பசி இடிக்குப் புற்றுக்காளான் முளைக்கும் என்றார். கரையான் தன் புற்றுக்குள் பயிரிடும் காளான் அது. மனிதர் இன்னும் பண்ணையில் வளர்க்கக் கற்கவில்லை. காட்டில் தெரியாத காளானைத் தொடவே கூடாது என்று கூடவே எச்சரிக்கை.

குடிலில் உலர்ந்துகொண்டிருந்த வைக்கோலில் ஒரு பிடியை என்னிடம் நீட்டினார். பிழிந்தேன். ஒரு சொட்டு விழுந்தது. "இன்னும் அரைமணி" என்றார். விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். அடுத்த பிடியை அவர் சொல்லாமலே எடுத்துப் பிழிந்து, கையை விரித்து அவரிடம் காட்டினேன். உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்து வாயை விரித்துப் பிடித்தார்.